வெயில் பட்டால் வெளுக்கும் கண்ணாடி

அக்காவின் கணவரான பாவாவின் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறிப் போன பிறகு வீட்டில் அக்கா மட்டும்தான் இருந்தாள். அவளுடைய ஒரே மகள் கல்யாணமாகிப் பெங்களூரில் வேலை பார்த்தாள். லீவு முடிந்து அவளும் கிளம்பிவிட்டாள். நான் கணவரைப் பிரிந்து வந்து, பொதட்டூர்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டு, பக்கத்திலேயே வாடகை அறையில் இருந்தேன். அக்கா என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு திருத்தணிக்கு வந்தேன். அவள் கதவைத் திறந்தாள், பெட்டியைப் பார்த்தாள், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள்.

வீடு கோயில் மலைக்குப் பின்புறம், புதிதாக மனை பிரித்த தெருவில் கடைசி வீடு. மேற்கே கொஞ்ச தூரத்தில் பாறைச் சரிவு. பகல் முழுக்கக் குடித்த வெயிலை அந்தப் பாறை ராத்திரி வரைக்கும் கக்கிக்கொண்டிருக்கும். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கோடையில் தினமும் செய்தியிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

பாவா சென்னையில் பெரிய கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்தும் வேலையில் எஞ்சினியராக இருந்தார். தினமும் ரயிலில் போய் வருவார். வெயிலுக்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்ளும் பொருள்கள் என்றால் அவருக்குப் பைத்தியம். சூடு ஏறினால் தானாக விரியும் தகடு, கூரைக்குள் உருகிச் சூட்டை வாங்கிக்கொள்ளும் மெழுகு, விரிசல் விட்டால் தானே மூடிக்கொள்ளும் சிமெண்டு என்று சாப்பிடும்போதெல்லாம் இதே பேச்சுதான். சுவரும் ஜன்னலும் சும்மா நிற்கக் கூடாது, வீட்டில் இருக்கிறவர்களைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும் என்பார். இந்த வீட்டைக் கட்டியபோது அப்படி ஒரு பொருளைத்தான் ஹாலின் மேற்குச் சுவரில் வைத்தார். கம்பெனியில் மாதிரிக்காகச் செய்து, அளவு சரியில்லை என்று ஒதுக்கிய கண்ணாடி. கேட்டு வாங்கி வந்தார். கதவு உயரம், கட்டில் அகலம்.

பார்க்கச் சாதாரணக் கண்ணாடிதான். ஆனால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே கூழ் மாதிரி ஏதோ ஒன்றை மெல்லியதாக அடைத்திருந்தார்கள். குளிர்ச்சியாக இருக்கும்வரை தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். வெயில் ஏறிச் சூடானால் அந்தக் கூழ் பால் கலந்ததுபோல வெளுத்துவிடும். வெளிச்சம் வரும், கண்கூச்சம் வராது, சூடும் பாதிதான் உள்ளே வரும். சுவிட்ச் கிடையாது, கரண்ட் கிடையாது. வெயில் பாறைக்குப் பின்னால் இறங்கியதும் தானே தெளிந்துவிடும். புதுமனை புகுவிழா அன்று வந்தவர்கள் எல்லாரையும் பாவா அதன் முன்னால் நிற்க வைத்துக் காட்டினார். திருவாலங்காட்டில் கரும்பு போடும் அவருடைய அண்ணன் மட்டும், அந்த இடத்தில் ஒரு வேப்பங்கன்று வைத்திருந்தால் இதே நிழலைக் கொடுத்திருக்கும் என்றார். மரம் வளரப் பத்து வருஷம் ஆகுமே என்று பாவா சிரித்தார்.

நான் வந்தபோது மாசி மாதம். அப்போதே வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பள்ளி இல்லாத நாள்களில் ஹாலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஒரு வெள்ளை தோன்றும். பனிபோல மெதுவாகக் கீழே இறங்கும். பாறை மறையும், துணி காயப் போடும் கம்பி மறையும், அறை வெளிச்சம் பால்நிறமாகிவிடும். முன்பெல்லாம் அதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். இப்போது யாரோ என் கண் கூசுவதைக் கவனித்துவிட்டு எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டது போல இருந்தது. பாவா அப்படிப்பட்டவர். கேட்காமலே செய்வார். மின்விசிறியைக் கூட்டுவார், தண்ணீர்ச் சொம்பை நம் பக்கம் நகர்த்துவார். அதனால் அந்த வெள்ளை இறங்கும்போது நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

ஒரு சனிக்கிழமை அரைநாள் பள்ளி. பஸ் இறங்கி வீட்டுக்கு வந்து கதவைத் தள்ளினேன். ஹாலில் யாரும் இல்லை. கண்ணாடி முழுக்க வெளுத்திருந்தது. அதன் நடுவில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார்.

ஆள் என்றால் தோள்கள், முழங்கை வரைக்கும் கைகள், கழுத்துப் பட்டை. தலை இல்லை, இடுப்புக்குக் கீழே இல்லை. சுற்றிலும் வெள்ளை, அந்த வடிவத்துக்குள் மட்டும் கண்ணாடி தெளிவாக இருந்தது. அதன் வழியே பாறை தெரிந்தது. வெளியே யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துக் கொல்லைப்புறம் ஓடினேன். யாரும் இல்லை. கம்பியில் துணிகூட இல்லை. திரும்பி உள்ளே வந்தபோது தோள்களின் ஓரத்தில் வெள்ளை புகுந்துகொண்டிருந்தது. கைகள் மெலிந்தன, கழுத்து மூடிக்கொண்டது, மார்பில் ஒரு கையகல இடம் மட்டும் கொஞ்ச நேரம் தெளிவாக இருந்து, பிறகு அதுவும் வெளுத்தது.

அக்கா உள் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏன் மூச்சு வாங்குகிறது என்று கேட்டாள். வெயில் என்றேன். அந்த வாரம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை. வகுப்பில் கரும்பலகைக்கு முதுகு காட்டி நிற்கவே பிடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை தலைவலி என்று சொல்லிவிட்டு ஒரு பஸ் முன்னாலேயே கிளம்பி வந்தேன். கொல்லைப்புறம் அக்கா நின்றிருந்தாள். பாவாவின் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டையை ஹேங்கரில் மாட்டி, மேலிருந்து கீழ்வரை பொத்தான் போட்டு, கண்ணாடியை ஒட்டி இருக்கும் கம்பியில் தொங்கவிட்டாள். ஒரு தடவை தள்ளி நின்று பார்த்துவிட்டு, வலப்பக்கத் தோளைக் கொஞ்சம் தூக்கிச் சரி செய்தாள். உள்ளே வந்து கண்ணாடிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நான் சமையலறை வாசலில் நிற்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளை இறங்கி முடிந்ததும் எழுந்து போய்ச் சட்டையை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். வெயில் படாத இடம் சூடேறாமல், சட்டை இருந்த வடிவம் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம்தான். அது மூடிக்கொள்ளும் வரை அவள் கண்ணை எடுக்கவில்லை.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"தொவச்சிக் காயப் போட்டேன்டி. யாருக்காச்சும் குடுத்துடலாம்னுதான் தொவச்சேன். எடுத்துகினு உள்ள வரேன், நின்னுகினு இருந்தாரு."

"அது நெழல்க்கா. வெயில் படாத எடம் வெளுக்கலை, அவ்ளோதான்."

"எனக்குத் தெரியாதா? அந்தக் கண்ணாடிய மாட்டும்போது ஒரு பக்கம் புடிச்சது நானு."

அதற்குப் பிறகு அவள் ரயிலைப் பற்றிச் சொன்னாள். பாவா ரயிலில் இறந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். சென்னையிலிருந்து மதிய ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்திருக்கிறார். மாரடைப்பு எந்த இடத்தில் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். திருத்தணியில் எல்லாரும் இறங்கிய பிறகு, பெட்டியைப் பெருக்க வந்தவர் எழுப்பிப் பார்த்திருக்கிறார். இதெல்லாம் நான் கேட்டதுதான். கேட்காதது ஒன்று இருந்தது.

"பக்கத்துல உக்காந்துகினு வந்த அம்மா எங்கிட்ட அழுதாங்க. நடுவுல ஒரு தபா சந்தேகப்பட்டுக் கைய தொட்டுப் பாத்தாங்களாம். சூடா இருந்துச்சாம். வெயில் நேரா அவர் மேலதான் அடிச்சுதாம், ஒடம்பு ஆறவே இல்ல. அதனால வுட்டுட்டாங்களாம்."

சட்டையை உதறி மடித்தபடி, சூடாக இருப்பதால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தமில்லை, அது தனக்குத் தெரியும் என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் எனக்கு டீ போட்டாள்.

தெரிந்துகொண்ட பிறகு பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை, வேறு மாதிரி ஆயிற்று. கோடை விடுமுறை வந்தது. நானும் வீட்டிலேயே இருந்தேன். மதியம் ஆனால் அக்கா சட்டையை மாட்டுவாள். நானும் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்காருவேன். ஹேங்கர் ஒரு பக்கம் வளைந்திருந்ததால் இடது தோள் இறங்கியே தெரியும். பாவாவும் பையை எப்போதும் இடது தோளில் மாட்டி மாட்டி அந்தப் பக்கம் சாய்ந்துதான் நடப்பார். ஒருநாள் காற்றில் சட்டை ஆடியிருக்கிறது. கழுத்தின் ஓரம் கலங்கி, யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்ததுபோல ஆகிவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் சுவர்தான் இருந்தது. ஆனாலும் நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா மாடியிலிருந்து இதைப் பார்த்திருக்கிறாள். காய்ந்த சட்டையைத் தினமும் பொத்தான் போட்டு மாட்டுவதும், ஒரு மணி நேரத்தில் கழற்றுவதுமாக அக்கா இருப்பது அவளுக்குச் சரியாகப் படவில்லை. சந்தையில் பார்த்தபோது பாவாவின் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அவர் அக்காவுக்குப் போன் செய்தார். கோபப்படவில்லை. அந்தக் கண்ணாடி எப்போதும் தனக்குப் பிடித்ததில்லை என்றும், தச்சரைக் கூட்டி வந்து எடுத்துவிட்டு நல்லதாக ஒரு மர ஜன்னல் போட்டுத் தருவதாகவும் சொன்னார். ஆடிக் கிருத்திகைக்கு வருவேன், அப்போது அளவு எடுத்துக்கொள்ளலாம் என்றார். அக்கா ஆங், சரிங்க மாமா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆடிக் கிருத்திகைக்கு அவர் வருஷா வருஷம் காவடி எடுப்பவர். தம்பி போன வருஷம் மலை ஏறக் கூடாது என்று சொன்னவர்கள் பேச்சையும் அவர் கேட்கவில்லை. அன்றைக்கு எங்கள் தெரு வரைக்கும் வண்டிகள் நின்றன. பம்பை சத்தம் காலையிலிருந்து ஓயவில்லை. மலையிலிருந்து இறங்கி, மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருக்க, மஞ்சள் வேட்டியோடு அவர் வீட்டுக்கு வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. அவர் இன்னும் நேரம் கழித்துத்தான் வருவார் என்று அக்கா நினைத்திருந்தாள். வழக்கம்போலச் சட்டையை மாட்டி, அப்போதுதான் எடுத்து வந்திருந்தாள், அவர் குரல் கேட்டு அதை உள் அறை அலமாரியில் வைக்கப் போனாள். நான் அவருக்கு மோர் கொண்டுவர உள்ளே போயிருந்தேன்.

சொம்போடு திரும்பி வந்தபோது அவர் ஹாலின் நடுவில் நின்றிருந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார், பெரியவர்கள் முன்னால் நிற்பதுபோல. கண்ணாடியில் தோள்கள் நின்றன.

"எப்போ வந்த நைனா?" என்றார்.

தம்பியை அவர் நைனா என்றுதான் கூப்பிடுவார். மெதுவாகத்தான் கேட்டார். வயலிலிருந்து வந்து பார்க்கும்போது தம்பி வீட்டில் உட்கார்ந்திருந்தால் கேட்பாரே, அந்தக் குரல். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். வெளியே பம்பை அடித்துக்கொண்டே இருந்தது. உள் அறை வாசலில் அக்கா வந்து நின்றாள். நாங்கள் மூன்று பேரும் அசையாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளை ஓரங்களிலிருந்து வந்து மூடியது.

அக்கா சட்டையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்து, நடப்பதைச் சொன்னாள். நிழல், சூடு, கூழ் எல்லாவற்றையும் பாவா சொல்லிக் கொடுத்த அதே வார்த்தைகளில் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே சட்டையைத் தடவினார். அது இன்னும் வெயில் சூட்டோடு இருந்தது.

"இன்னொரு தபா மாட்டும்மா," என்றார்.

அவள் மாட்டினாள். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆனால் அதற்குள் மேகம் வந்துவிட்டது. ஆடி மாத மேகம், மழை தராது, வெயிலை மட்டும் மறைக்கும். கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. வெள்ளை முழுக்க விலகிய பிறகு பார்த்தால் வெளியே கம்பியில் ஒரு சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. காலர் நைந்த, பையில் பேனா மசிக் கறை இருந்த ஒரு பழைய சட்டை. நாங்கள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். மேகம் விலகவில்லை. கடைசியில் அவர் எழுந்து, அந்தச் சட்டையைத் தான் எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டார். அக்கா கொடுத்தாள். அவருடைய தோளுக்கு அது பத்தாது. மடித்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். ஜன்னலுக்கு அளவு எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா, இனிமேல் தனக்கு இது வேண்டாம் என்றாள்.

"நான் மட்டும் பாத்தப்போ அது சட்டைதான்னு தெரியும். மாமா கூப்ட்டாரு பாரு, அப்போ பதில் வருமான்னு நானும் பாத்தேன். அதான் பயமா பூட்சி."

நானும் பார்த்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

அக்காவே போன் செய்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். மாமா தச்சரோடும் டிராக்டரோடும் வந்தார். டிரெய்லரில் வைக்கோலை அடர்த்தியாகப் பரப்பியிருந்தார். உடைத்துப் போடப் போகிறவர் எதற்கு வைக்கோல் கொண்டு வருகிறார் என்று எனக்கு அப்போது தோன்றியது. கேட்கவில்லை. கண்ணாடியைப் படுக்க வைத்து, மேலே பழைய போர்வை போர்த்தி, கயிறு கட்டி, டிரெய்லரிலேயே ஏறி அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போனார். எங்கள் வீட்டில் சாதாரணக் கண்ணாடி போட்ட மர ஜன்னல் வந்தது. அக்கா நீலத் திரை தைத்து மாட்டினாள். மகளுக்குப் பிரசவம் என்று ஐப்பசியில் பெங்களூர் போனாள். குழந்தை பிறந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டாள். போனில் அவள் குரல் தேறியிருந்தது. நான் மட்டும் இந்த வீட்டிலிருந்து பொதட்டூர்பேட்டைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

பாவாவின் முதல் வருஷத் திதியைத் திருவாலங்காட்டில் மாமா வீட்டில் வைத்தார்கள். அக்காவும் மகளும் குழந்தையோடு வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் மாமா என்னை மட்டும் கூப்பிட்டு, கழனிப் பக்கம் போய் வரலாமா என்றார். ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. கரும்பின் காய்ந்த சோகையை எரித்த கரி காலில் ஒட்டியது. வரப்பு வரைக்கும் அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தாள். பம்புசெட்டு அறை தெரிந்ததும், குழந்தைக்கு வெயில் ஆகாது என்று நின்றுவிட்டாள்.

பம்புசெட்டு அறையின் மேற்குச் சுவரை இடித்துக் கண்ணாடியைப் பதித்திருந்தார். உள்ளே மோட்டார், ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு தண்ணீர்ப் பானை. ஆணியில் அந்தக் கட்டம் போட்ட சட்டை. வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது, கண்ணாடி முழுக்க வெளுத்திருந்தது. சுற்றிக் கரும்பு இல்லாததால் ஒரு நிழல்கூட விழவில்லை. அறை முழுக்க அந்தப் பால் வெளிச்சம். ஒரு வருஷத்துக்கு முன் ஹாலில் பேனாவை வைத்துவிட்டு எழுந்தது நினைவு வந்தது. இப்போது எழுந்து போக இடமில்லை, மாமா வாசலில் நின்றார்.

"ஒரு தபாகூட வர்லம்மா."

சட்டையை வெளியே மாட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"மாட்டி எடுத்துப் பாத்தேன். சட்டைதான் தெரியுது, அவன் இல்ல."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். அங்கிருந்து எடுத்து வந்திருக்கக் கூடாதோ என்று சில நாள் தோன்றுகிறது என்றார். வீட்டுக்கு வந்தவன் வீட்டுக்குத்தானே வருவான், இந்த மோட்டார் சத்தத்துக்கு எப்படி வருவான் என்றார். சொல்லும்போது சிரிக்கப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அங்க எதனா தெரியுதா, அந்த ஜன்னல்ல?"

புது ஜன்னலில் தெரிவதற்கு ஒன்றுமில்லை. வெயில் அடித்தால் அடித்தபடி உள்ளே வருகிறது, தரை சுடுகிறது, விடைத்தாள் படிக்க முடியாமல் கண் கூசுகிறது. ஆனாலும் மதியத்தில் அந்தத் திரையை நான் இழுப்பதில்லை. கை போகும், பாதியில் நின்றுவிடும். வேறு யாரோ இழுக்கட்டும் என்று இருக்கிறேனோ என்னவோ. அதை அவரிடம் எப்படிச் சொல்வது.

"ஒண்ணுமில்ல மாமா," என்றேன்.

தலையாட்டினார். என்னை நம்பியது போலத் தெரியவில்லை. வரப்பிலிருந்து அக்கா, குழந்தை அழுகிறது, நாங்கள் முன்னால் நடக்கிறோம் என்று குரல் கொடுத்தாள். மாமா பானையிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்ற, நான் காலில் ஒட்டிய கரியைக் கழுவினேன். வெளியே வந்து அவர் கதவைச் சாத்தினார். மோட்டார் இருக்கும் அறை, பூட்டு கையிலேயே இருந்தது. ஆனால் பூட்டவில்லை. ஒரு கை நுழையும் அளவுக்குக் கதவை மறுபடி திறந்து விட்டுவிட்டு என்னோடு நடந்து வந்தார்.